வார்டில் நடக்கலாம், பாடம் கிடையாது

இன்னைக்கு ஒரு கேள்வித்தாளிலிருந்து ஆரம்பிக்கலாம். மாணவர்களுக்கு மார்க் போடுற தாள் இல்ல. மருத்துவ மாணவர்கள் தங்கள் கல்லூரிக்கு மார்க் போடுற தாள்.

பேரு 'ட்ரீம்'. ஸ்காட்லாந்தில் இருக்கும் டண்டீ பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1997-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 50 வாக்கியங்கள், 200 மதிப்பெண். பாடம் எப்படி, ஆசிரியர்கள் எப்படி, என்மேல் எனக்கே நம்பிக்கை இருக்கா, வகுப்புச் சூழல் எப்படி, கூட இருக்கறவங்களோட ஒட்ட முடியுதா என்று ஐந்து பகுதிகள். ஆசிரியர் மாணவர்களைக் கேலி செய்கிறாரா, நினைத்த கேள்வியைக் கேட்க முடிகிறதா என்பதெல்லாம்கூட அதில் வரும்.

இந்தத் தாளை நான் மனசுக்குள்ள 1875-ஆம் வருஷத்துக்கு எடுத்துட்டுப் போனேன்.

அந்த வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஐந்து வருஷம் முன்னாடிதான், 1870-ல், எடின்பரோவில் பரீட்சை எழுத வந்த மருத்துவ மாணவிகள்மீது ஒரு கும்பல் சேற்றை வாரி எறிந்தது. சென்னை கதவைத் திறந்தது. அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். கணவர் இங்கே வழக்கறிஞர். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் கோஷா பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, தானே படிக்க வந்தவர்.

கதவு திறந்தது சரி, உள்ளே? பிரசவ ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர் அவங்ககிட்ட சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் வார்டில் நடப்பதை என்னால் தடுக்க முடியாது, ஆனால் நான் சொல்லித்தர மாட்டேன். அட்மிஷன் உண்டு, பாடம் கிடையாது! இதுக்கு 'ட்ரீம்' தாளில் எவ்வளவு போடுவீங்க?

மேரி 1878-ல் படிப்பை முடித்தார். லண்டனில் பட்டம் வாங்கி 1883-ல் சென்னைக்குத் திரும்பினார். 1885-ல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். இன்னைக்கு அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான்.

அடுத்து 1907. அதே கல்லூரிக்குப் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி வருகிறார். அதுக்கு முன்னாடி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரவே மன்னர் தலையிட வேண்டியிருந்தது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்களாம்! அவர் 1912-ல் மருத்துவரானார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்ததற்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான்.

"பார்த்தியா, கஷ்டப்பட்டவங்கதான் ஜெயிக்கிறாங்க"ன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கு. மேரியோடு சேர்ந்த மற்ற மூன்று பேர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாங்கிக்கொண்டு மேலே வந்தவரை மட்டும் எண்ணினால், எந்தச் சூழலும் நல்ல சூழலாகத்தான் தெரியும்.

இதுக்கு நேரெதிரான ஒரு வகுப்பும் தமிழ்நாட்டில் நடந்தது. 1918, வேலூர். ஐடா ஸ்கடர் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். மூணு பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று அவரை எச்சரித்தார்கள். கடைசியில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பெரிய வளாகம் கிடையாது. சென்னை கல்லூரியோ 1835-ல் தொடங்கியது, பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. வசதியில் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனா வேலூரில் ஐடாவே வகுப்பு எடுத்தார். சாலையோர மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது மாணவிகளும் கூடப் போனார்கள். யாரும் அவங்களை 'இங்க உனக்கு என்ன வேலை'ன்னு கேட்கவில்லை. முதல் தேர்வு வந்தது. மாகாணம் முழுக்கத் தேர்வு எழுதிய ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூரிலிருந்து போன 14 பெண்களும் பாஸ். இங்க ஜெயித்தது ஒரு தனி ஆள் இல்ல, ஒரு வகுப்பு.

இதெல்லாம் பழைய கதைன்னு தோணுதா? சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986-ல்தான் வந்தது. இன்னைக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் கல்லூரி இருக்கு. வகுப்புகளில் பெண்கள் நிறைய. சமீபத்தில் ஏற்காடு லேடீஸ் சீட்டில், ஊர் சுற்ற வந்த மூன்று மருத்துவ மாணவர்களிடம் இந்தக் கேள்விகளில் சிலதைக் கேட்டேன். எந்தக் கல்லூரின்னு சொல்லப்போறதில்ல. கட்டடம், லேப், நூலகம் எல்லாத்துக்கும் தாராளமா மார்க் போட்டாங்க. கேள்வி கேட்பது பற்றி வந்ததும் அமைதி. "வார்டுல சந்தேகம் கேட்டா, பேஷன்ட் முன்னாடியே அசிங்கப்படுத்துவாங்கண்ணா. அதனால தெரிஞ்ச மாதிரி தலையாட்டிடுவோம்," என்றார் ஒரு மாணவி.

அந்தத் தலையாட்டல் வகுப்போடு முடியறதில்ல. நாளைக்கு அந்த மாணவி இதே சேர்வராயன் மலையில் டாக்டராக வரலாம். மலைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். மருந்தை எப்படிக் கொடுக்கணும்னு புரியாது. ஆனா கேட்கப் பயந்து அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கேள்வி கேட்க விடாத வார்டில் படித்தவருக்கு, எதிரே இருப்பவரைக் கேட்க வைப்பது எப்படின்னு யார் சொல்லிக் கொடுத்திருப்பாங்க?

மருத்துவம் படிக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க வார்டுக்கு 4-க்கு எவ்வளவு போடுவீங்கன்னு எழுதுங்க. பேர் வேண்டாம், கல்லூரிப் பேரும் வேண்டாம். அடுத்த வாரம் சந்திப்போம்.