முற்றுப்பெறாத நூலும் பதிப்பாசிரியன் கடனும்: ஜேம்ஸ் ஏஜியின் நாவலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஆசிரியன் மறைந்தபின் அச்சேறிய நூலொன்றைக் கையிலெடுக்கும் வாசகன், அதிலுள்ள சொற்கள் யாவும் அவனுடையனவாயின் நூலும் முற்றிலும் அவனுடையதே என்று ஐயமின்றிக் கொண்டுவிடுகிறான். ஆயின், சொற்கள் ஒருவனுடையனவாக இருக்க, அவற்றை நிரல்பட வைத்த கை வேறொருவனுடையதாக இருக்குமேல், அந்நிரலால் விளையும் பொருளை யாருக்கு உரிமையாக்குவது? அமெரிக்கத் தென்னாட்டு எழுத்தாளராகிய ஜேம்ஸ் ஏஜியின் 'எ டெத் இன் தி ஃபேமிலி' என்னும் நாவல் இவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாததாக்குகிறது.

டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் 1909-இல் பிறந்த ஏஜி, 1916 மே மாதத்தில் மோட்டார் விபத்தொன்றில் தந்தையை இழந்தபோது ஆறு வயதுப் பாலகர். அத்துயரத்தையே பொருளாகக் கொண்டு, பிள்ளைப் பருவத்தில் தமக்கு வழங்கிய ரூஃபஸ் என்னும் பெயரையே கதைச் சிறுவனுக்கும் இட்டுப் பல ஆண்டுகள் எழுதிவந்த அவர், 1955 மே 16 அன்று நியூயார்க்கில் வாடகைக் காரில் செல்கையில் மாரடைப்பால் காலமானார். நண்பர் டேவிட் மெக்டவல் கையெழுத்துப் பிரதியைச் செப்பம் செய்து 1957-இல் வெளியிட்டார். மறு ஆண்டு நாவல் புலிட்சர் பரிசு பெற்றது.

அப்பதிப்பின் முன்குறிப்பு, ஆசிரியர் எழுதியது எழுதியபடியே தரப்படுவதாக உறுதி கூறுகிறது. எனினும், ஏஜி 1938-இல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' இதழில் வெளியிட்ட, நாவற்பிரதியில் இல்லாத, நாக்ஸ்வில் கோடைகாலச் சித்திரம் முகப்பாகச் சேர்க்கப்பட்டதையும், ஏறத்தாழ ஏழு பக்கப் பகுதியொன்று இடம் பொருந்தாமையால் விடப்பட்டதையும் அக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு வெளிப்படையாக உரைத்தமைக்கு மெக்டவல் போற்றத்தக்கவரே. ஆனால், ஒரு சொல்லையும் மாற்றாதவன் நூலை மாற்றாதவன் ஆகிவிடுவான் என்னும் அவ்வுறுதிமொழியின் அடிப்படையை நாம் ஏற்பதற்கில்லை.

மாலைப்பொழுதில் தந்தையர் தத்தம் புல்வெளிக்கு நீர் பாய்ச்சும் அமைதியான முகப்பைப் படித்தபின் கதைக்குள் நுழைபவனுக்கு, பின்னர் நிகழும் மரணம் சுவர்க்கமொன்றின் இழப்பாகத் தோன்றுகிறது. கதையின் காலவெல்லைக்கு அப்பாற்பட்ட காட்சிகளைச் சாய்வெழுத்தில் முதலிரு பகுதிகளின் ஈற்றில் மெக்டவல் அமைத்ததன் விளைவோ இதனினும் ஆழமானது. மரணச் செய்தி வந்தடைந்த இரவிற்குப் பின்னர், குடும்பத்தாரை முதுமூதாட்டியைக் காண மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லும் தந்தையை உயிருடன் காணும் வாசகன், அப்பயணத்தை நிகழ்ச்சியாக அல்லாமல் நினைவாகவே அனுபவிக்கிறான். துயருற்ற நெஞ்சம் இறந்தவரைக் காணும் முறையே அது. கதையில் அதை விளைத்ததோ பதிப்பாசிரியனது வைப்புமுறை.

2007-இல் டென்னசிப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக மைக்கேல் லோஃபாரோ வெளியிட்ட மீட்டுருவாக்கம், கோடைச் சித்திரத்தை நீக்கிக் கொடுங்கனவொன்றை முகப்பில் நிறுத்தி, காட்சிகளைக் காலக்கிரமத்தில் அடுக்குகிறது. இங்கே தந்தையோடு நெடுநாள் பழகிய பின்னரே நாம் அவரை இழக்கிறோம். கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து செய்த இப்பணி பெருமதிப்புக்குரியது. ஆயினும், மூலகர்த்தாவின் இறுதிச் சித்தம் இதுவே எனக் கொள்வதும் தகாது. முடிக்கப்படாத பிரதிக்கு இறுதிச் சித்தம் என ஒன்று உண்டாகவில்லை, உண்டாகுமுன் மரணம் முந்திக்கொண்டது. ஆதலின், காலக்கிரமமும் ஒரு பதிப்பாசிரியனின் தீர்ப்பே.

ஆகவே, இவ்விரு பதிப்புகளுள் ஒன்றைப் போலியென ஒதுக்குதல் நம் வேலையன்று. முற்றுப்பெறாத நூலுக்கு வடிவம் அளிப்பவன், அவ்வடிவம் தன்னுடையது என்பதைப் பக்கந்தோறும் புலப்படுத்தக் கடமைப்பட்டவன். அவன் கூட்டியதும் கழித்ததும் இடம் மாற்றியதும் வாசகன் கண்ணுக்குத் தெரியவேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்பை நான் இன்றும் நேசிக்கிறேன். அந்நேசத்தில் ஒரு பங்கு மெக்டவலுக்கு உரியது என்பதை அறிந்தே நேசிக்கிறேன். எழுதியவனால் இனி மறுத்துரைக்க இயலாத இடத்தில், அவன் எழுத்து எங்கே நின்றது என்பதைக் காட்டிவைப்பதே அவனுக்கு நாம் செய்யக்கூடிய நீதி.