கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

கடலிற் செல்லும் பெரிய சரக்குக் கப்பல் எதனை நோக்கினும், அதன் பக்கத்தின் நடுப்பாகத்திலே ஒரு வட்டமும், அவ்வட்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடும் தீட்டப்பட்டிருக்கக் காணலாம். கொழும்புத் துறைமுகத்துக்குச் செல்வோர் பலர் இதனைக் கண்டிருப்பர். கண்டும் பொருட்படுத்தாது கடந்திருப்பர். அலங்காரத்துக்காக இட்ட குறியன்று அது. இயற்கையின் விதி ஒன்றும், மனிதர் இயற்றிய சட்டம் ஒன்றும் கூடுமிடம் அக்கோடு. அவை இரண்டும் கூடுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம்.

விதியை முதலிற் காண்போம். கி. மு. 3-ம் நூற்றாண்டிலே சிசிலித் தீவின் சைரக்கியூஸ் நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீஸ், மிதக்கும் பொருள்களைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். திரவத்தில் அமிழும் பொருள், தான் இடம்பெயர்த்த திரவத்தின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறுகின்றது என்பது அதன் சாரம். அரசனது பொன்முடியில் வெள்ளி கலந்ததோ என்று ஆராயப் புகுந்து, விடை தோன்றியதும் குளிக்குந் தொட்டியிலிருந்து ஆடையின்றி ஓடிய கதையைச் சிறுவரும் அறிவர். ஆயின் அக்கதை ஆக்கிமிடீசின் நூல்களில் இல்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் வித்துரூவியஸ் சொல்லிச் சென்றது அது.

1586-ல், பீசாப் பல்கலைக்கழகத்தைப் பட்டம் பெறாமலே விட்டு நீங்கிய 22 வயது இளைஞர் ஒருவர் இக்கதையை ஐயுற்றார். வழிந்த நீரை அளத்தல் நுட்பமற்ற முறை. பொருளை நீரினுள் தொங்கவிட்டுத் தராசில் நிறுத்தலே ஆக்கிமிடீசின் அறிவுக்கு ஏற்றது என்று அவர் எழுதினார். நம்மை ஒத்த வயதினரான அவ்விளைஞரே கலிலியோ. அதே 1586-ல், புரூஜ் நகரத்தவரான சைமன் ஸ்ரெவின் லைடன் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். பாத்திரத்தின் அடியிலுள்ள அமுக்கம் நீரின் ஆழத்தையே பொறுத்தது. பாத்திரத்தின் உருவத்தையோ, அது கொண்டுள்ள நீரின் மொத்த அளவையோ பொறுத்ததன்று என அவர் நிறுவினார். ஆழம் கூடக்கூட அமுக்கமும் கூடும். எனவே, நீருள் அமிழ்ந்த பொருளின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் அமுக்கம் மிகுதி. இவ்வேறுபாடே மேலுதைப்பாகின்றது.

நிற்க. இவ்விதியைக் கப்பலுக்குப் பொருத்திப் பார்ப்போம். 50 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உடைய பெட்டி போன்ற கப்பல் ஒன்றைக் கருதுவோம். அது ஒரு சென்ரிமீற்றர் தாழுமாயின் 4 கனமீற்றர் கடல்நீரை இடம்பெயர்க்கும். ஒரு கனமீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே ஒவ்வொரு சென்ரிமீற்றரும் 4 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட சரக்கைத் தாங்கும். நூறு தொன் ஏற்றினால் கப்பல் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் தாழும். கணக்கு எளிது. அபாயமும் இங்கேதான் மறைந்திருக்கின்றது. மேற்றளம் நீர்மட்டத்துக்கு ஓரடியே உயர்ந்து நிற்கும்வரை சுமையேற்றினாலும், அமைதியான துறைமுகத்திலே கப்பல் மிதக்கவே செய்யும். ஆக்கிமிடீசின் விதி ஒருபோதும் பிழைப்பதில்லை. ஆனால் நடுக்கடலிற் பேரலை ஒன்று தளத்தின்மேல் விழும்போது அந்நீரும் சுமையாகின்றது. அப்போது கப்பலை மீண்டும் தூக்கி நிறுத்துவது, நீருக்கு மேல் வெறுமையாக எஞ்சி நிற்கும் உடற்பகுதியே. அதனை முன்னமே சரக்குக்கு விற்றுவிட்ட கப்பலுக்கு மீட்சி ஏது? மயிலிறகேற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை கூறியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே கடல் வாணிகம் பெருகிற்று. பேராசையும் உடன் பெருகிற்று. பழுதுற்ற கப்பல்களில் அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றி அனுப்புவோர் இருந்தனர். கப்பலின் பெறுமதிக்கு மேலாகவே காப்புறுதி செய்திருந்தால், அது மூழ்கினும் முதலாளிக்கு நட்டமில்லை. நட்டமெல்லாம் மாலுமிக்கும் அவன் மனைவி மக்களுக்குமே. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட மாலுமி, கப்பலின் நிலைகண்டு அஞ்சி ஏற மறுப்பின், அவனுக்குச் சிறைவாசம் கிடைத்தது! கடலில் மரணம், கரையிற் சிறை என்பதே அவன் கண்ட நீதி. சவப்பெட்டிக் கப்பல்கள் என்று மக்கள் அவற்றை அழைத்ததில் வியப்பில்லை.

கப்பல் முதலாளிகள் யாவரும் கொடியர் எனல் பொருந்தாது. சுமைக்கு எல்லை வேண்டுமென்று முன்னரே குரலெழுப்பிய ஜேம்ஸ் ஹோல் என்பவர், நியூகாசில் நகரத்துக் கப்பல் முதலாளியே. அக்கருத்தை மேற்கொண்டு போராடியவர் சாமுவேல் பிளிம்சொல். நிலக்கரி வியாபாரியாயிருந்த அவர், 1868-ல் டார்பித் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். 1873-ல் மாலுமிகளின் அவலத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். விசாரணைக்கு அரச ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. ஆயினும், 1875-ம் ஆண்டு யூலை 22-ல் பிரதமர் டிஸ்ரேலி கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார். பிளிம்சொல் பொறுமை இழந்தார். சபையின் மரபு மறந்து முட்டியை உயர்த்தி, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவர் என்று கூவினார். பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டார். ஆனால் அக்கூச்சல் நாடெங்கும் எதிரொலித்தது. அவ்வாண்டிலேயே தற்காலிகச் சட்டமொன்றும், 1876-ல் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கிய சட்டமும் பிறந்தன.

போராட்டம் அத்துடன் முடிந்ததா? இல்லை. கோடு இடவேண்டும் என்ற சட்டம், எங்கே இடவேண்டும் என்று கூறவில்லை. அதை முதலாளியின் விருப்புக்கே விட்டது. ஒரு தலைவன் தன் கப்பலின் புகைபோக்கியிலே கோட்டைத் தீட்டினான் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. 1890-ன் சட்டமே கோட்டின் இடத்தை விதிப்படி நிர்ணயிக்கச் செய்தது. 1906-ல் பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வரும் பிறநாட்டுக் கப்பல்களும் இவ்விதிக்கு உட்பட்டன. 1930-லும் 1966-லும் இலண்டனிற் செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் அது உலகப் பொதுவிதியாயிற்று.

வட்டத்தின் அருகே வேறு சிறு கோடுகளும் உள. மாரிகாலத்துக்குரிய கோடு, கோடைக்குரியதினும் தாழ்ந்தது. கொந்தளிக்கும் கடலிற் சுமை குறையவேண்டும் அன்றோ! நன்னீருக்குரிய கோடோ கோடைக் கோட்டினும் உயர்ந்தது. நன்னீர் கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின், ஆற்றுத் துறையிற் கப்பல் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். கடலை அடைந்ததும் தானே உயரும். இவ்வாறு ஆக்கிமிடீசின் விதி முழுவதையும், எழுத்தறியாத மாலுமியும் கண்ணாற் கண்டு தெளியும்படி அக்கோடுகள் எழுதி வைத்திருக்கின்றன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மிதத்தலின் விதியை உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. அறிவு குறைந்ததால் அம்மாலுமிகள் மாளவில்லை; அறிந்ததைச் சட்டமாக்கும் துணிவு குறைந்ததாலேயே மாண்டனர். பரீட்சைக்காக நாம் மனனஞ் செய்யும் விதி ஒவ்வொன்றின் பின்னும், அதைப் புறக்கணித்தமையால் உயிரிழந்தோர் சிலர் இருத்தல் கூடும். கல்வி கற்கும் பேறுபெற்ற இளைஞராகிய நாம் விதியை அறிவதோடு அமையாது, எளியோர் உயிரைக் காக்கும் கோட்டை உரிய இடத்தில் வரையவும், வரைந்ததை அழியாது பேணவும் முன்வருவோமாக.