ஏழு கன்றுகள்

1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. விறகுக்கும் நீருக்கும் அலைந்த கென்ய நாட்டுப் பெண்களின் துயர்கண்டு, வாங்கரி மாத்தாய் தொடங்கிய பணி அது. பின்னர் மூன்று கோடி மரங்களுக்கும் மேலாகப் பெருகியது.

பெனடிக்டைன் கன்னியரின் அமெரிக்கக் கல்லூரியில் பயின்றவர் அவர். 1989இல் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆட்சியாளர் முனைந்தபோது எதிர்த்து நின்றார். நாடாளுமன்றத்தில் ஏளனம் செய்தனர், அவர் அஞ்சவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே.

2011இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே மரப்பெட்டி தவிர்க்கப்பட்டது. மூங்கிலும் ஆகாயத்தாமரையும் கொண்டு செய்த பெட்டியில் கிடத்தப்பட்டார்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே மனிதர் அங்கு வைக்கப்பட்டனர் என்று நாம் மறையுரையில் சொல்கிறோம். அவரோ, தம் சாவிலும் ஒரு மரம் வீழாதபடி அதைச் செய்துகாட்டினார்.