ஆங்கிலப் பத்தி வாசித்துப் புரிதல்: சேர்வராயன் மலைப் பள்ளிகள்

ஆங்கிலப் பத்தி வாசித்துப் புரிதல் என்பது, முன்பு பார்த்திராத ஓர் உரைப்பகுதியை மாணவர் தாமாகப் படித்து, அதில் சொல்லப்பட்டதையும் சொல்லாமல் உணர்த்தப்பட்டதையும் அறிந்து விடையளிக்கும் பயிற்சியாகும். பள்ளிகளில் இது 'காம்ப்ரிஹென்ஷன்' என்றே வழங்குகிறது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் இப்பயிற்சி இரு வேறு சூழல்களில் நடைபெறுகிறது. ஏற்காட்டின் திரு இருதய கான்வென்ட் (1894), மான்ட்ஃபோர்ட் பள்ளி (1917) ஆகியவற்றில் ஆங்கிலம் அன்றாடம் புழங்கும் மொழி. கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களில், மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினரின் பிள்ளைகளுக்கோ அது பெரும்பாலும் வகுப்பறையில் மட்டுமே கேட்கும் மொழி.

இப்பிள்ளைகளின் நிலை, சீன மொழி பேசும் மேல்நிலை மாணவர்களின் நிலையோடு ஒப்பிடத்தக்கது. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கெனப் பல மாகாணங்களில் பயன்படும் தேசிய வினாத்தாளில், ஆங்கிலத்துக்குரிய 150 மதிப்பெண்களில் 50 வாசிப்புப் பகுதிக்கே உரியவை. சீனம் தமிழுக்குச் சற்றும் உறவில்லாத மொழியாயினும், பெயரை விளக்கும் தொடரை அப்பெயருக்கு முன்னால் வைப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தமிழில் பெயரெச்சத் தொடர் முன்னே வர, பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் இவ்வரிசை தலைகீழாகிறது. 'மிளகு பறித்த பெண் தோட்டத்தை விட்டுப் போனாள்' என்ற கருத்தை ஆங்கிலம் சொல்லும்போது, பெண் முதலிலும் மிளகு பறித்த செய்தி அதன் பின்னும் நிற்பதால், 'போனாள்' என்னும் வினைக்கு மிக அருகில் மிளகே அமைந்துவிடுகிறது. எனவே போனது யார் என்ற எளிய வினாவுக்கும் மாணவர் தடுமாற நேர்கிறது. இத்தடுமாற்றத்தை அறிவுக்குறையாகக் கருதுவது அநீதி. வினைமுற்றைக் கண்டுபிடித்து அதன் எழுவாய்க்குத் திரும்பிச் செல்லும் பழக்கமே இதற்குரிய மருந்து. காலம் காட்டும் வினைவடிவங்களில் தமிழ் மாணவருக்குச் சீன மாணவரைவிட ஓரளவு வசதி உண்டு. ஏனெனில் சீன வினைச்சொற்கள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை.

புரிதலின் மற்றொரு தூண் முன்னறிவு. வாசிப்பவர் தம் மனத்தில் ஏற்கெனவே உள்ள அறிவுக் கட்டமைப்பைக் கொண்டே புதிய செய்தியை ஏற்கிறார் என்பதை உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் விளக்கினார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுவதையும், காப்பிப் பழம் பறித்து உலர்த்துவதையும் கண்டு வளர்ந்த மலைப்பிள்ளைக்கு அவற்றைப் பற்றிய ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தால், பொருள் தெரிந்திருப்பதால் மொழியோடு மட்டும் போராடினால் போதும். கண்டறியாத பனிச்சறுக்கைப் பற்றிய பத்தியிலோ பொருளும் மொழியும் சேர்ந்தே தடுக்கின்றன. ஆகவே தொடக்கப் பயிற்சிக்கு உள்ளூர்ப் பொருளே தக்கது. தேர்வுப் பத்திகள் எதைப் பற்றியும் வரலாம் என்பதால் பிறகு படிப்படியாக வெளியே செல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு வித்திட்டவர்களுள் மைக்கேல் வெஸ்ட் முதன்மையானவர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றிய அவர், வங்க மாணவர்களுக்குப் பேச்சைவிட வாசிப்புத் திறனே முதலில் பயன்தரும் என்று 1926இல் வெளியான தம் நூலில் வாதிட்டதுடன், புதுச் சொற்களைக் குறைவாகவும் இடைவெளி விட்டும் அறிமுகப்படுத்தும் படிநிலை வாசிப்பு நூல்களையும் உருவாக்கினார். பிறர் துணையின்றி ஒரு பத்தியை நன்கு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்னும் பிற்கால ஆய்வு முடிவு (2000) அவர் வழிக்கு வலுச்சேர்க்கிறது.

வினாவிலுள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் வரியை அப்படியே பெயர்த்தெழுதும் உத்தி மாணவரிடையே பரவலாக உள்ளது. நேரடிச் செய்தியைக் கேட்கும் வினாவுக்கு அது மதிப்பெண் தரலாம். ஆனால் காரணம், எழுதியவரின் நோக்கம், பொருத்தமான தலைப்பு ஆகியவற்றைக் கேட்கும் உய்த்துணர் வினாக்களில் அது உதவுவதில்லை. அத்தகைய வினாக்களுக்கான விடையை மாணவர் முதலில் தமிழில் விவாதித்துத் தெளிந்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுதுவது, வாசிப்புக் குறையையும் எழுத்துக் குறையையும் ஆசிரியர் தனித்தனியே இனங்காண வழிசெய்கிறது.