'கிளியர்' பட்டனை அழுத்த மறந்தால் ஓட்டு என்னாகும்? ஜவ்வாது மலை வாக்காளர்களும் தெரிஞ்சுக்க வேண்டியது

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பகுதி கலசபாக்கம் சட்டமன்றத் தொகுதியிலும், புதூர்நாடு பகுதி திருப்பத்தூர் தொகுதியிலும் வருகின்றன. மலைக் கிராம பூத்களுக்கு ஊழியர்கள் முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இவர்களில் சிலருக்கு அதுதான் முதல் தேர்தல் பணி. தெரியாமல் நடக்கும் ஒரு தவறுகூட அந்த பூத்தின் மொத்த ஓட்டையும் சிக்கலில் மாட்டிவிடலாம்.

எங்கே தவறு நடக்கிறது?

வாக்குப்பதிவுக்கு முன்பு, ஏஜென்ட்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு மெஷினைச் சோதிப்பார்கள். இதுதான் மாதிரி வாக்குப்பதிவு. முடிந்ததும் 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என வரிசையாக பட்டன்களை அழுத்த வேண்டும். விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்து, முத்திரை குத்தி, கருப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். அவசரத்தில் 'கிளியர்' விட்டுப்போனால், சோதனை ஓட்டும் உண்மையான ஓட்டும் கலந்துவிடும். மாலையில் 'குளோஸ்' அழுத்த மறப்பது இன்னொரு தவறு. அதை அழுத்தாமல் மெஷின் ரிசல்ட் காட்டாது.

தமிழ்நாட்டில் நடந்ததா?

நடந்தது. 2019 மக்களவைத் தேர்தல் இங்கே ஏப்ரல் 18-ல் நடந்தது. மே 19-ல் 13 வாக்குச்சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. முறைகேடு புகார் எழுந்த சாவடிகளோடு, மாதிரி ஓட்டுகளை அழிக்காமல் விட்ட சாவடிகளும் அதில் இருந்தன.

எல்லா தவறுக்கும் மறு வாக்குப்பதிவா?

இல்லை. மாதிரி ஓட்டு அழிக்கப்படாத மெஷினை எண்ணிக்கையின்போது தனியாக எடுத்து வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்த பூத்களில் பதிவான ஓட்டுகளைவிட அதிகமாக இருந்தால், அந்த மெஷினைத் தொடாமலேயே முடிவு அறிவிக்கப்படலாம். வித்தியாசம் குறைவாக இருந்தால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். அதாவது, மலைப்பாதையில் நடந்து வந்து போட்ட ஓட்டு எண்ணப்படாமலேயே போகவும் வாய்ப்பு உண்டு.

ஊழியருக்கு தண்டனை உண்டா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 134-வது பிரிவு, நியாயமான காரணம் இல்லாமல் தேர்தல் கடமையில் தவறினால் அபராதம் விதிக்கிறது. வேண்டுமென்றே செய்யும் மோசடிக்கு 136-வது பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு.

யார் கவனிக்க முடியும்?

* பூத் ஏஜென்ட்: சோதனை முடிந்ததும் மெஷின் 'பூஜ்ஜியம்' காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் படிவம் 17சி நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.
* வாக்காளர்: பட்டனை அழுத்தியதும் விவிபேட் கண்ணாடியில் 7 விநாடி சீட்டு தெரியும். 'பீப்' சத்தமும் கேட்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே அதிகாரியிடம் சொல்லுங்கள்.
* உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் திரும்பிப் போகாதீர்கள். அடையாளத்தை நிரூபித்து, வாக்குச்சீட்டில் 'டெண்டர் ஓட்டு' போட உங்களுக்கு உரிமை உண்டு.