நுரை தூக்கிய உலோகம்



சிட்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் தொலைவில் புறோக்கன் ஹில் என்ற சுரங்க நகரம் இருக்கிறது. 1883இல் ஆட்டுப் பண்ணை ஊழியரான சாள்ஸ் ராஸ்ப் அங்கே கனியத்தைக் கண்டார். 1885இல் பி.எச்.பி. நிறுவனம் பிறந்தது. வெள்ளியும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத்தைப் பிரிக்கத்தான் வழி தெரியவில்லை. அதைச் சுமந்த கழிவு மலையாகக் குவிந்தது.

வழி காட்டியது நுரை. மெல்பேர்ணில் பியர் வடித்த சாள்ஸ் பொட்டரும், பி.எச்.பி. முகாமையாளர் டெல்பிராட்டும் 1900களின் தொடக்கத்தில் மிதப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். அரைத்த கனியத்தில் குமிழி எழுப்பினால் உலோகத் துகள் குமிழியில் ஒட்டி மேலே வரும். வெறுங்கல் அடியில் தங்கும். பிறகு யூக்கலிப்டஸ் எண்ணெயும் நுரைக்கப் பயன்பட்டது. கழிவு மலையே செல்வமாயிற்று. 1905இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியவர்களில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹேர்பேர்ட் ஹூவரும் ஒருவர்.

இலாபம் போன இடம் வேறு. ஈயத் தூசு தங்கியது ஊரில். 1936 முதல் அல்பேர்ட் மொறிஸ் நகரைச் சுற்றி வேலியடைத்து, செடிகொடி வளரவிட்டு, புழுதியை அடக்கினார். ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் பரிசோதித்தபோது, பிள்ளைகள் பலரின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது.

இன்று ஆய்வாளர்கள் மீண்டும் நுரையைத்தான் நாடுகிறார்கள். இம்முறை நுண்ணுயிர் தரும் சவர்க்காரம். 1949இல் விவரிக்கப்பட்ட ராம்னோலிப்பிட்டை ஒருவகை பக்ரீரியா சுரக்கிறது. நம் பூந்திக்கொட்டையில் நுரைக்கும் சபோனினும் இந்த இனந்தான். இவற்றின் மூலக்கூறுகள் ஈயம், துத்தநாகம், கட்மியம் போன்றவற்றைப் பற்றிக்கொண்டு கழுவுநீரில் இறங்கும். பின்பு தாமே மக்கிப்போகும். ஆனால் கல்லோடு இறுகிய சல்பைட்டு உலோகம் இலகுவில் வராது. செலவும் அதிகம்.

இதை நான் சொல்லக் காரணம் சுன்னாகம். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்ததை 2014, 2015இல் செய்திகளில் கேட்டோம். 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. எண்ணெயை மண்ணிலிருந்து பிரிப்பதிலும் இந்தச் சவர்க்காரங்கள் வல்லவை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீரை இலகுவில் கீழே விட்டுவிடும். கழுவிய நீரைப் பிடித்து எடுக்காவிட்டால், மேல்மண்ணின் அழுக்கு அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும். ஊருக்கு உதவ நினைப்போர் "எதால் கழுவுவது?" என்பதோடு "கழுவிய நீர் எங்கே போகும்?" என்றும் கேட்கவேண்டும்.