கட்டையாகும் சூரை

நன்கு காய்ந்த இரண்டு கட்சுவோபுஷித் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் தேக்குக் கட்டையைத் தட்டியதுபோலக் கணீரென்று ஓசை எழும். மீன் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஜப்பானியர் காலையில் குடிக்கும் மிசோ சூப், மதியம் சாப்பிடும் சோபா நூடுல்ஸ், இரவு வேகவைக்கும் முள்ளங்கி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் 'தாஷி' என்ற சாறு பெரும்பாலும் இதிலிருந்துதான் இறங்குகிறது. ஜப்பானியப் பண்பாடு என்றதும் கிமோனோவும் தேநீர்ச் சடங்கும் நினைவுக்கு வருகின்றன. தினமும் அடுப்பில் ஏறும் இந்தக் கட்டையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மூலம் வரிச்சூரை மீன். குரோஷியோ நீரோட்டத்தோடு வசந்த காலத்தில் ஜப்பான் கரையோரமாக வடக்கே ஏறிவரும். இன்று ஆலைகளுக்கு வருவதில் பெரும்பகுதி, தெற்கே வெகுதொலைவில் சுருக்குமடி வலையில் பிடித்துக் கப்பலிலேயே உறையவைத்த மீன். ககோஷிமாவின் மகுராசாகி, யமகாவா, ஷிசுவோகாவின் யாய்சு ஆகிய மூன்று ஊர்கள்தான் ஏறக்குறைய நாடு முழுவதுக்கும் இதைச் செய்து அனுப்புகின்றன.

தலையையும் குடலையும் நீக்கி, பெரிய மீனை முதுகுப்பக்கம் இரண்டு, வயிற்றுப்பக்கம் இரண்டு என நான்காகப் பிளக்கிறார்கள். வெந்நீரில், தளதளவென்று கொதிக்கவிடாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கிறார்கள். கொதித்தால் சதை உடைந்துவிடும். ஆறியதும் இடுக்கியால் முள் பிடுங்குகிறார்கள். முள் இருந்த பள்ளங்களிலும் வெடிப்புகளிலும் அதே மீனின் விழுதைப் பூசி மெழுகுகிறார்கள். பிறகு புகை. ஓக் விறகை மூட்டிப் புகைபோட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி புகைபோடுகிறார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. ஒரே மூச்சில் காயவைத்தால் மேல்தோல் இறுகி உள்ளீரம் சிறைப்பட்டுவிடும். இடையில் ஆறும்போதுதான் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வருகிறது.

உயர்ந்த வகைக்கு வேலை இன்னும் முடியவில்லை. கரியேறிய மேற்பரப்பைச் சுரண்டி, பூஞ்சணம் ஏற்றி, அறையில் வைத்து, வெயிலில் காயவைத்து, துலக்கி, மறுபடி பூஞ்சணம் ஏற்றுகிறார்கள். மிஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சுகிறது, கொழுப்பைச் சிதைக்கிறது. சாறு எண்ணெய் மிதக்காமல் தெளிவாக இறங்குவது அதனால்தான். மாதக்கணக்கில் இது நடந்து முடியும்போது மீன் தன் எடையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

8ஆம் நூற்றாண்டுச் சட்டங்களிலேயே வேகவைத்து உலர்த்திய சூரை வரிப்பொருளாக இருக்கிறது. புகைபோடும் முறை 17ஆம் நூற்றாண்டில் கீ பகுதி மீனவர்களோடு தோசாவுக்குப் போனது. தோசாவிலிருந்து ஒசாகாவுக்கும் எதோவுக்கும் (இன்றைய டோக்கியோ) போன கப்பல்களில், ஈரக்காற்றில் தானாகப் பூத்த பூஞ்சணம்தான் பிற்பாடு தொழில்நுட்பமானது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

வேகவைத்துப் புகைபோட்ட சூரை நமக்கும் அந்நியமில்லை. 1340களில் மாலத்தீவில் இருந்த இபன் பதூதா, மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகைபோடுவதை எழுதியிருக்கிறார். இலங்கையில் சீனிச் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடு அதுதான். அதே மீன், அதே புகை. பூஞ்சணம் மட்டும் ஜப்பானின் சேர்க்கை.

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே இழைப்புளியைக் கவிழ்த்துப் பதித்திருப்பார்கள், கீழே இழுப்பறை. கட்டையை அதில் தேய்த்தால் ரோஜா நிறத்தில், ஊதினால் பறக்கும் சீவல் இழுப்பறையில் விழும். பல வீடுகளில் பிள்ளைகளின் காலை வேலை அது. சீவிய உடனே பயன்படுத்த வேண்டும். காற்றுப் பட்டால் மணம் போய்விடும். எதோவில் 1699இல் தொடங்கிய நின்பென் என்ற கடை, 1969இல் சீவலை நைட்ரஜன் நிரப்பிய சிறு பொட்டலத்தில் அடைத்து விற்க ஆரம்பித்தது. பெட்டி பரணுக்குப் போனது. மறு ஆண்டே அஜினோமோட்டோவின் ஹோன்தாஷித் தூள் வந்தது. ஒரு கரண்டி போட்டால் சாறு தயார். கட்டையையே கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இதைச் சிலர் அழிவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு ஓடும் பெண்ணின் கையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்துவிட்டு, சுவை மட்டும் சமையலறையில் தங்கியிருக்கிறது. ஆனால் அப்போதே சீவியதன் மணம் பொட்டலத்தில் வராது. அது உண்மையான இழப்பு.

அடுத்த பயணம் ஐரோப்பாவுக்கு. 2013இல் ஜப்பானிய உணவுமுறை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் அதன் ஆதாரமான கட்சுவோபுஷி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுலபமாக நுழைய முடியவில்லை. புகையில் உண்டாகும் பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் அங்கே அனுமதித்த அளவைத் தாண்டியது. 2015 மிலான் உலகக் கண்காட்சிக்கே தனி விலக்கு வாங்கித்தான் கொண்டுபோனார்கள். மகுராசாகித் தயாரிப்பாளர்கள் சிலர் கைகோத்து, பிரான்சின் பிரிட்டானியில், சூரைப் படகுகளுக்கும் டப்பா மீனுக்கும் பேர்போன கொன்கார்னோ துறைமுகத்தில் இடம் பார்த்தார்கள். 2016இல் அங்கே ஆலை திறந்து, ஐரோப்பிய வரம்புக்குள் புகையை அடக்கி, கட்சுவோபுஷி செய்யத் தொடங்கினார்கள்.